பதினேழாம் நம்பர் மேஜை

2025 நவம்பர் 11, செவ்வாய்.

இன்றைய தவறு: வகுப்புக்கு வரும் வழியில் அளவு நாடா வாங்கினேன். பில் போடுகிற அக்கா செல் நம்பர் கேட்டார். கேட்டால் கொடுப்பதில்லை என்று கடைப்படி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். "சொல்லு கண்ணு" என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும் பத்து எண்ணையும் ஒப்பித்துவிட்டேன். ஏழாவது எண்ணிலாவது நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் அவர் என்ன நினைப்பாரோ என்று இருந்தது.

நாளைய வேலை: கழுத்து வளைவை மூன்று தடவை வரைந்து பார்ப்பது.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு நித்யஸ்ரீ நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். திருப்பூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், பனியன் துணிக்குப் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொடுக்கிற மாலை வகுப்பு அது. ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். நடத்துகிற ரத்தினசாமி வாத்தியார் முதல் நாளே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கிளம்புமுன் எல்லாரும் நோட்டில் இரண்டு விஷயம் எழுத வேண்டும். அன்றைக்குச் செய்த தவறு ஒன்று, மறுநாள் செய்யப்போகிற வேலை ஒன்று. மற்றவர்கள் கத்தரிக்கோல் விலகியதையும் தோள் அளவு குறைந்ததையும் எழுதினார்கள். நித்யஸ்ரீ மட்டும் கடை, பஸ், தங்கியிருக்கும் அறை என்று எங்கே தவறு நடந்தாலும் அதில் எழுதினாள். இது சரியா என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டு மாதம் தயங்கி ஒருநாள் வாத்தியாரிடமே கேட்டும்விட்டாள். அவர் நோட்டை வாங்கிப் பார்க்காமலே, தவறு என்றால் எல்லாம் தவறுதான், எழுதிக்கொள் என்றார்.

அவள் எழுதிய தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வகை. தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றை யாருக்கோ தெரியக் கொடுத்துவிட்ட தவறு.

காணாமல் போவது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. இரண்டு வருடமாக அவள் அதை ஒரு வேலையைப் போலச் செய்துவந்தாள். பெரிய ஃபோனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பட்டன் ஃபோன் ஒன்று வாங்கிக்கொண்டாள். பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக மூடினாள். கடவுச்சொல் மறந்துபோன ஒன்றை மூட மட்டும் பதினோரு நாள் ஆனது. வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற வர்ஷினி என்ற பெயரை மூலனூரிலேயே விட்டுவிட்டு, ஆதார் அட்டையில் மட்டும் இருந்த நித்யஸ்ரீயாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். கண்ணாடி போட்டுக்கொண்டாள். குரூப் ஃபோட்டோ எடுக்கிறவர்கள் கூடினால், தண்ணீர் பாட்டில் நிரப்ப அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.

அப்படி ஓடி ஒளிய அவள் குற்றம் எதுவும் செய்திருக்கவில்லை. ஒரு திருடனிடம் மரியாதையாகப் பேசினாள், அவ்வளவுதான்.

மூலனூரில் முருங்கைக்காய் மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு செல்ஃபோன் கடையில் அப்போது அவள் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம் ஹெல்மெட் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். கண்ணாடி மேஜைமேல் பார்வைக்கு வைத்திருந்த ஃபோனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். சார்ஜர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் எடுக்கிறார் என்று நினைத்தாள்.

"ஏனுங்க, கவர் வேணுங்களா?"

ஹெல்மெட் வேண்டாம் என்று ஆடியது.

"சரிங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

அவர் பார்த்துத்தான் போனார். திரும்பி வரவில்லை.

கடைக்காரர் திருடனைப் பிடிக்கிற ஆத்திரத்தில் கேமராவில் பதிந்த பத்தொன்பது விநாடிகளையும் ஊர்க் குரூப்புகளில் போட்டார். ஹெல்மெட்டுக்குள் இருந்தவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. மூன்று நாளில் நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். யாரோ அவள் குரலை வைத்துப் பாட்டுப் போட்டார்கள். யாரோ அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தலையில் ஒரு கிரீடத்தை வைத்து, கீழே 'கவர் வேணுங்களா?' என்று எழுதி வாட்சப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டும்போது கவர் வேணுங்களா என்றார். அவிநாசிபாளையத்தில் சித்தி மகள் கல்யாணத்தில் அவளைத் தாம்பூலக் கவர் கொடுக்கிற மேஜையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காபி குடித்துவிட்டு அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் தகவலே இல்லை. இதில் யாருமே கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கோபப்பட்டால், இந்தப் புள்ளைக்கா இவ்வளவு கோபம் என்று அதற்கும் சிரிப்பார்கள். அப்பாவிடம் சொன்னாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நீ இருக்கிற இடம் எங்களுக்குத் தெரிந்தால் போதும் கண்ணு, ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று பஸ் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்.

திருப்பூர் அவளுக்குப் பிடித்துப்போனது. இங்கே யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் மேஜைமேல் விரித்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பார்த்து, சரியாக இருந்தால் உள்பக்கம் தன் எண் போட்ட சிறு காகித வில்லையை ஒட்டிப் பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். அவள் எண் பதினேழு. பஞ்சுத் தூசிக்காக எல்லாரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள், தலைக்குத் தொப்பி. முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது கண் மட்டும் தெரிந்தது. வரிசையாக இருபத்திரண்டு பேர், எல்லாரும் ஒரே மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் பேக்கரியில் ஒரு தேங்காய் பன்னும் டீயும் வாங்கி, நடைபாதையில் நின்று நிதானமாகத் தின்றாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு ருசியான பன்னை அவள் அதுவரை தின்றதில்லை.

பக்கத்து மேஜை, பதினெட்டாம் நம்பர், கோமளா. சங்கரன்கோவில்காரி. தங்குவதும் ஒரே அறை. கோமளாவுக்குப் பேச ஆள் வேண்டும், நித்யஸ்ரீக்குக் கேட்பதில் சிரமமில்லை, அதனால் நன்றாகவே ஒத்துப்போனது. தன் குரலும் நாற்பது லட்சம் பேருக்குத் தெரியும் என்பதால் நித்யஸ்ரீ கோமளா மாதிரியே பேசிப் பழகிப் பார்த்தாள். "சரிட்டி" என்று ஆரம்பிப்பாள், முடிக்கும்போது "ங்க" வந்து ஒட்டிக்கொள்ளும். "சரிட்டிங்கவா? இது எந்த ஊருப் பேச்சுட்டி?" என்று கோமளா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் கோமளாவுக்குப் பிடித்த ஸ்டிக்கரே கிரீடம் வைத்த கவர்க்காரப் பெண்தான். அம்மாவுக்குக் காலை வணக்கம், அண்ணனுக்குப் பதில், சூப்பர்வைசருக்குச் சமாதானம், எல்லாவற்றுக்கும் அதையே அனுப்புவாள். அறைக்கு வந்த முதல் வாரமே ஃபோனை நித்யஸ்ரீயின் முகத்துக்கு நேராக நீட்டி, இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாரேன் என்று காட்டினாள். நித்யஸ்ரீ தன் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். கிரீடமும் கண்ணாடியும் சேர்ந்து அன்றைக்குக் காப்பாற்றின. அப்புறம் பழக்கம் காப்பாற்றியது. தினமும் பார்க்கிற முகத்தை யாரும் அப்படி உற்றுப் பார்ப்பதில்லை.

இப்படி ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதன்கிழமை காலையில் வேல்குமார் வந்து அவள் மேஜைக்கு முன்னால் நின்றான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் அவன். எப்போதும் அவசரத்தில் இருப்பவன், அன்றைக்குச் சிரித்துக்கொண்டே நின்றதே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

செய்தி இதுதான். குழந்தைகள் உடுப்பு வாங்குகிற பெரிய பையர் ஒருவரின் கம்பெனியில், ஆறு மாதமாக வந்த சரக்கில் எந்த எண்ணிலிருந்து எவ்வளவு பழுது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பதினேழாம் எண்ணில் ஒன்றுகூட இல்லை. இந்தப் பதினேழு யார் என்று அங்கே எல்லாரும் கேட்கிறார்களாம். புது சீசனிலிருந்து உடுப்போடு தொங்குகிற அட்டையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதை ஃபோனில் காட்டினால், அந்த உடுப்பைச் சரிபார்த்தவரின் முகம், பெயர், ஊர் எல்லாம் வரும். முதல் முகம் பதினேழாம் எண்ணாக இருக்க வேண்டும் என்று பையரே கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை வீடியோ எடுக்க ஆள் வருகிறார்கள்.

"ரெண்டு நிமிசந்தானுங்க. மாஸ்க்கக் கழட்டிட்டு, பேரு, ஊரு சொல்லி, ஒரு வணக்கம் வச்சாப் போதும். உலகம் பூரா பாக்கும்."

அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முடியாது என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தாள்.

"சரிங்க," என்றாள்.

அன்று மாலை நோட்டில் தவறு என்ற இடத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதினாள். கழுத்து வளைவை மூன்று தடவை வரைந்தாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது என்றிருந்தாள். வேலையை ஒழுங்காகச் செய்ததால் எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. அட்டையில் வரப்போகிற முகத்தையும் கிரீடம் வைத்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரே ஒருவர் போதும். ஒருவர் பார்த்தால் மறுநாள் கம்பெனி வாசலில் ஃபோனோடு நிற்பார்கள். அப்புறம் போவதற்கு வேறு ஊர் தேட வேண்டும். வேறு பெயர் ஆதாரில் இல்லை.

வியாழக்கிழமை முழுக்க யோசித்துக்கொண்டே துணி பார்த்தாள். மூன்று மணிவாக்கில் ஒரு பீஸ் வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கான கருநீல டீசர்ட். இடது தோள் தையலுக்குக் கீழே ஒரு ஊசி ஓட்டை. குண்டூசி முனையளவுதான். ஆனால் பின்னல் துணியில் ஊசி ஓட்டை அப்படியே நிற்காது. ஒருமுறை துவைத்தால் கண்ணி விட்டுப் பெரிதாகிவிடும். எடுத்து ஓரம் வைக்க வேண்டிய பீஸ்.

ஒரு பழுது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பதினேழாம் எண்ணில் ஒரே ஒரு பழுது வந்தால் அது யாரென்று எவரும் கேட்கமாட்டார்கள். இது பையர் கைக்குப் போய்த் திரும்பிச் சேதி வருவதற்கு மாதங்கள் ஆகும், திங்கட்கிழமை வீடியோவை அது எப்படி நிறுத்தும் என்றெல்லாம் யோசிக்கிற நிதானம் அப்போது இல்லை. வில்லையை ஒட்டினாள். மடித்தாள். பேக்கிங் வண்டியில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் வேண்டுமென்றே செய்த முதல் தவறு அது. செய்து முடித்த பிறகு அடுத்த பீஸை விரித்தாள், அதுவும் கருநீலம்தான். அதன் இரண்டு தோளையும் இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

அன்றைய வகுப்பில் தவறு என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு ஆறு வயதுப் பிள்ளை தோளில் ஓட்டையோடு பள்ளிக்கூடம் போவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். வெற்றிடத்துக்குக் கீழே, நாளைய வேலை: அதைத் தேடி எடுப்பது, என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழு மணிக்கே பேக்கிங் பகுதிக்குப் போய்விட்டாள். அந்தக் கருநீல டீசர்ட் லாட் மொத்தம் பதினோரு பெட்டி, ஒவ்வொன்றிலும் நாற்பத்தெட்டு பீஸ். எல்லாம் டேப் ஒட்டி அடுக்கியாகிவிட்டது. சனிக்கிழமை மாலை தூத்துக்குடிக்கு லாரி. முதல் பெட்டியின் டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு பாலிபேக்காக எடுத்துத் தோளைத் தடவிப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தாள். இரண்டாவது பெட்டியில் பாதி முடிந்தபோது கோமளா வந்து நின்றாள்.

என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். ஊசி ஓட்டை ஒன்று கை தவறிப் போய்விட்டது என்றாள் நித்யஸ்ரீ. கோமளா நம்பவில்லை; பதினேழாம் நம்பருக்குக் கை தவறுமா என்றாள். ஆனாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்றாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. நான்காவதின் டேப்பில் கை வைக்கும்போது வேல்குமாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

சீல் வைத்த பெட்டியை அனுமதியில்லாமல் பிரிப்பது சின்ன விஷயமில்லை. அவன் சத்தம் போடவில்லை. இருவரையும் நேராக ஆபீசுக்கு அழைத்துப்போனான். முதலாளி சாரதாமணியம்மா அப்போதுதான் வந்து உட்கார்ந்து அன்றைய ஷிப்மெண்ட் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்து தொடங்கியவர் என்பதால், எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் பேசமாட்டார். என்ன கண்ணு என்றார்.

கை தவறிவிட்டது என்றே சொல்லியிருக்கலாம். அதற்கு யாரும் தூக்கில் போடப்போவதில்லை. ஆனால் அவர் அப்படிக் கேட்டதும் நித்யஸ்ரீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றே அனுப்பியதை முதலில். அப்புறம் எதற்கென்பதை. கடை, ஹெல்மெட், கவர், தாம்பூல மேஜை, எல்லாம். சொல்லச் சொல்ல வரிசை மாறியது. இரண்டு இடத்தில் திருத்திச் சொன்னாள்.

சாரதாமணியம்மா அந்த வீடியோவைப் பார்த்ததேயில்லை. வேல்குமார் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவன் ஃபோனிலேயே அந்த ஸ்டிக்கர் இருந்தது, பட்டன் அனுப்பத் தாமதம் செய்கிற கடைக்காரருக்கு நேற்றுக்கூட அனுப்பியிருந்தான். ஃபோனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே நின்றது. அவர்கள் பார்க்கப் பார்க்கவே அவன் ஸ்டிக்கரை அழித்துவிட்டு, வீடியோவைத் தேடி எடுத்து ஃபோனை அம்மாவிடம் கொடுத்தான்.

கோமளாவுக்குத்தான் வாய் மூடவில்லை.

"அப்ப ரெண்டு வருசமா ஒன் மூஞ்சியத்தான் எங்க அம்மைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கேனா? பக்கத்துலயே படுத்துக் கெடந்துட்டு, நல்லாருக்குன்னு வேற சொன்ன பாத்தியா. எனக்கு ஒரு ஃபோட்டோவுக்கு நூறு லைக் விழமாட்டேங்கு. இவ நாப்பது லட்சத்த வச்சிக்கிட்டு ஒளிஞ்சிக்கிட்டுத் திரியுதா."

சாரதாமணியம்மா வீடியோவை இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"திருடன் சிக்குனானா?"

"இல்லீங்க."

"அவனப் புடிக்கத்தான இதப் போட்டாங்க?"

"ஆமாங்க."

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "உன்ற முகத்த மறைக்கோணும்னா எங்கிட்ட வந்து சொல்லோணும் சாமி. துணிய எதுக்குக் கெடுத்தே? துணி உன்னய என்ன பண்ணுச்சு?"

இரண்டு வருடத்தில் யாரிடம் திட்டு வாங்கினாலும் அவள் மனசு இப்படிக் குளிர்ந்ததில்லை. வீடியோவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியும், கேள்வி கடைசியில் துணியைப் பற்றித்தான் வந்தது. இந்த அறையில் அவள் கவர்க்காரப் பெண் இல்லை. ஒரு மோசமான வேலை செய்த செக்கர்.

"சரி, உனக்கு என்ன வேணும்? சொல்லு," என்றார் அம்மா.

நித்யஸ்ரீ யோசித்தாள். இதை யாரும் கேட்டதில்லை என்பதால் பதிலை அவள் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"என்ற வேலை தெரிஞ்சாப் போதுங்க. நான் தெரிய வேண்டாமுங்க."

பையரிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, முகம் வேண்டும் என்று மெயிலில் தெளிவாகக் கேட்டிருக்கிறார்கள் என்றான் வேல்குமார். அவன் கஷ்டம் அவனுக்கு. முகம் காட்ட முடியாது என்று எழுதினால், இங்கே ஏதோ மறைக்கிறார்கள் என்று அடுத்த வாரமே ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். எதை எழுதுவது என்று அம்மாவைப் பார்த்தான்.

நித்யஸ்ரீக்கு ஒன்று தோன்றியது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். செக்கிங் பகுதி வாசலில் மாட்டியிருக்கிற விதிப்பலகையை, ஷிஃப்ட் தொடங்கக் காத்திருக்கும்போதெல்லாம் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம். அதில் ஆறாவது விதி: தையல், செக்கிங், பேக்கிங் பகுதிகளில் எவரும் எக்காரணம் கொண்டும் முகக்கவசமும் தொப்பியும் இன்றி இருக்கக் கூடாது.

"மன்னிச்சுக்கோங்க. அந்தப் பலகைய மாட்டச் சொன்னதே இந்தப் பையர்தானுங்களே. மேஜைல உக்காந்து வேலை செய்யற மாதிரி வீடியோ வேணும்னா, மாஸ்க்கக் கழட்டுனா அவங்க ரூல்ஸ அவங்களே மீறுன மாதிரி ஆயிருமுங்களே."

வேல்குமார் எழுந்து வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தான். அடியில் பையரின் முத்திரையே இருக்கிறது என்றான். சாரதாமணியம்மா அப்போதுதான் சிரித்தார், நாற்காலி ஆடுகிற அளவுக்கு. இதையே எழுது, வார்த்தைக்கு வார்த்தை எழுது என்று அவனிடம் சொன்னார். அட்டையில் பதினேழு என்ற எண்ணும், கவசம் போட்ட ஆளும், துணியைத் தடவுகிற கையும் போதும். பெயரும் ஊரும் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது. அது வெளியே போகாது.

அப்படியானால் வணக்கம் யார் சொல்வது என்று வேல்குமார் கேட்டு முடிப்பதற்குள் கோமளா ஓரடி முன்னால் வந்துவிட்டாள். செக்கிங்குக்கு வெளியே, கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் நின்று பேசினால் கவசம் வேண்டாமே என்றாள். பதினெட்டாம் எண்ணிலும் பழுது அப்படியொன்றும் அதிகமில்லை, மூன்றோ நாலோதான் என்றாள். சிவப்புச் சுடிதாரா மஞ்சளா என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேர் முன்னால் இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தன் முகத்தை ஒப்படைப்பதை நித்யஸ்ரீ ஆச்சரியத்தோடு பார்த்தாள். கோமளாவைப் பிடித்து ஒளித்து வைத்தால்தான் அவளுக்கு மூச்சு முட்டும்.

"அது எல்லாஞ் சரி," என்று அம்மா சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பீஸு இந்தக் கேட்டத் தாண்டக் கூடாது."

இன்றைக்கு டார்கெட் இருக்கிறது, மேஜையை விட்டு எழ முடியாது. நாளை லாரி வருவதற்குள், மிச்சமிருக்கிற எட்டுப் பெட்டியையும் பதினேழாம் நம்பரே பிரித்து, மறுபடி பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். தன் வில்லை உள்ள பீஸ் மட்டுமில்லை, எல்லாவற்றையும். உதவிக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. நித்யஸ்ரீ சரிங்க என்றாள். இந்த ஒரு சரிங்க நோட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

டீ நேரத்தில் கோமளா ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஸ்டிக்கரை அழித்துவிடப் போகிறாளா என்று நித்யஸ்ரீ கேட்கவில்லை. கோமளாவே சொன்னாள்.

"நா அழிக்க மாட்டேன் பாத்துக்கோ. எங்க அம்மைக்கு இந்தப் பிள்ளைய ரொம்பப் பிடிக்கும். பொங்கலுக்கு நீ எங்க ஊருக்கு வா. யாருன்னு சொல்ல மாட்டேன். அவ உனக்குச் சோறு போடுததப் பாத்து நா மட்டும் சிரிச்சிக்கிடுதேன்."

யோசித்துப் பார்த்ததில், அது நித்யஸ்ரீக்குக் கஷ்டமாக இல்லை. நாற்பது லட்சத்தில் ஒருத்திக்கு இப்போது ஆளும் தெரியும். பக்கத்து மேஜைதான். தெரிந்த பிறகும் பாதி பிஸ்கட்டை உடைத்து இவள் பக்கம் தள்ளுகிறாள்.

சாயங்காலம் வகுப்பில் கழுத்து வளைவு ஒரே தடவையில் சரியாக வந்தது. ரத்தினசாமி வாத்தியார் அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேஜைக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு நோட்டைத் திறந்தாள். முந்தைய நாள் வெற்றாக விட்ட இடத்தை முதலில் நிரப்பினாள். அதற்கு ஆறு வரி தேவைப்பட்டது. அதற்குக் கீழே தேதி போட்டாள்.

2025 நவம்பர் 14, வெள்ளி.

இன்றைய தவறு: பிரித்த மூன்று பெட்டிகளுக்கும் டேப் ஒட்டாமல் ஆபீசுக்குப் போய்விட்டேன். தூசி விழுந்திருக்கும்.

நாளைய வேலை: ஏழு மணிக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும். முதலில் அந்த மூன்று பெட்டிகளையும் துடைத்து ஒட்டுவது. பிறகு நான்காம் பெட்டியிலிருந்து பதினொன்றாம் பெட்டி வரை, முந்நூற்று எண்பத்து நான்கு பீஸ். கருநீலம், ஆறு வயது அளவு, இடது தோள் தையலுக்குக் கீழே பார்ப்பது. லாரி மாலை ஐந்து மணிக்கு.